அப்பாவின் இசைத்தட்டுகள்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி:
என் அப்பா நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த ஏறத்தாழ 300 எல்பி தட்டுகளும் 60 அரக்குத் தட்டுகளும் என்னிடம் வந்துள்ளன. அவற்றில் பல, சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாவதற்கு முன் அங்கே பேரம் பேசி வாங்கியவை. அவருடைய பழைய டர்ன்டேபிளைப் புதிய ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் ஒலி மிக மெலிதாக, மிருதங்கத்தின் தொப்பியே (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) கேட்காதபடி வருகிறது. கையில் 40,000 ரூபாய் உள்ளது. ஸ்பீக்கரை மாற்றுவதா, டர்ன்டேபிளையே மாற்றுவதா?

மறுமொழி 1:
இரண்டும் வேண்டாம். உங்களிடம் இல்லாதது ஃபோனோ ப்ரீஆம்ப். சி.டி. பிளேயர் 2 வோல்ட் வரை தரும் இடத்தில், டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்கும் காந்தவகை கார்ட்ரிட்ஜ் சில மில்லிவோல்ட் மட்டுமே தரும். அதோடு, எல்பி தட்டில், வரிப்பள்ளங்கள் ஒன்றோடொன்று உரசாமலிருக்கக் கீழ்த்தொனியைக் குறைத்தும், இரைச்சல் அமுங்க மேல்தொனியைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். இசைக்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்வதும் இந்தச் சிறு பெட்டிதான். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அடுத்து ஊசியை மாற்றுங்கள். தேய்ந்த ஊசி தட்டையே அரித்துவிடும்.

மறுமொழி 2:
அரக்குத் தட்டுகளை எல்பி ஊசியால் இசைக்காதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது என்பதால், மெல்லிய ஊசி அடியில் கிடக்கும் அழுக்கை உழுதுகொண்டு போகும். அவற்றுக்கென்று தடித்த முனையுள்ள ஊசி தனியாக உண்டு. டர்ன்டேபிளில் அவற்றுக்குரிய, நிமிடத்துக்கு 78 சுற்று வேகம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். துடைக்க ஆல்கஹால் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். விவரம் தெரியாத வயதில், கிடைத்தற்கரிய நாகஸ்வரத் தட்டு ஒன்றை நான் அப்படித்தான் பாழாக்கினேன்.

மறுமொழி 3:
நான் நான்கு ஆம்ப்ளிஃபையர்களை மாற்றிய பிறகே கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். டர்ன்டேபிளில் தட்டைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேகம் 3 விழுக்காடு குறைந்தாலே சுருதி ஏறத்தாழக் கால் கட்டை இறங்கிவிடும். ஆலாபனைக்குப் பின்னால் தம்பூரா அலைகிறதா என்று கேட்டால் போதும், கருவி எதுவும் தேவையில்லை. மீதிப் பணத்தை, கீறல் விழுந்த தட்டுகளுக்கு நல்ல பிரதிகள் தேடுவதில் செலவிடுங்கள். கீறிய தட்டை எந்த ஸ்பீக்கரும் மீட்டுத் தராது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தம்பூராச் சோதனையை நேற்றிரவே செய்தேன், அலைகிறது. "நான் கேட்ட கட்டை இது இல்லை என்று எத்தனை நாளாகச் சொல்கிறேன்!" என்றார் அப்பா. நாளை பெல்ட்டும் ஃபோனோ ப்ரீஆம்பும் வாங்கப் போகிறேன்.