ஆழமில்லாத கடலில் முதல் மூன்று நாட்கள்

அதிராம்பட்டினத்திலிருந்து மண்டபம் வரை கரையை ஒட்டியே கயாக்கில் போவது எங்கள் திட்டம். நானும் என் மச்சானும், ஆளுக்கொரு கயாக், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒடுக்கமான படகு. பிப்ரவரியில் வாடை தணிந்திருக்கும், வீசினாலும் முதுகுப் பக்கம்தான் வீசும், பாக் விரிகுடாவும் ஆழமில்லாத கடல், பயமில்லை என்று நினைத்துக் கிளம்பினோம். ஆழமில்லாத கடல் என்றால் என்னவென்று முதல் மூன்று நாளில்தான் புரிந்தது.

தண்ணீரில் இறங்குவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. நீர் வற்றியிருந்த நேரம். கரைக்கும் படகு மிதக்கிற இடத்துக்கும் நடுவே வெறும் சேறு. கூடாரம், அரிசி, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று குடிதண்ணீர், இவ்வளவையும் ஏற்றிய கயாக்கை முழங்கால் வரை புதைந்து புதைந்து இழுத்தோம். சாமானைக் கடைசியில் ஏற்றியிருக்க வேண்டும். போகிற வழியைக் கடலோரக் காவல் நிலையத்தில் முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். இலங்கை எல்லை பக்கத்தில் இருக்கிற கடல், அதைச் செய்யாமல் யாரும் இறங்காதீர்கள். கடலோரக் காவல் போலீசுக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு (கோஸ்ட் கார்டு) 1554. இரண்டு எண்களும் போனில் இருக்கட்டும், போன் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. இந்தப் பக்கம் மீன்பிடிக்கத் திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அதனால் வழியெல்லாம் நண்டு வலை. தெர்மாகோல் மிதவையில் குச்சி நட்டுக் கறுப்புத் துணி கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து விலகிப் போனதில் மல்லிப்பட்டினம் சேரவே பிற்பகல் ஆகிவிட்டது. சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தின் உச்சி கடலிலிருந்து தெரிந்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

மறுநாள் பத்து மணிக்கு மேல் காற்று ஏறியது. ஆழ்கடலில் அலை நீளமாக வரும், ஏறி இறங்கிவிடலாம். இங்கே அடியில் தரை தட்டுவதால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகிறது. பின்னாலிருந்து வந்த அலை கயாக்கைக் குறுக்கே திருப்பியது. சுக்கானை மிதித்தேன், அசையவில்லை. கடல்புல் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த அலையில் கவிழ்ந்துவிட்டேன்.

மூச்சுத் திணறிக் காலை உதைத்தால் தரை தட்டுகிறது. எழுந்து நின்றால் இடுப்பளவு தண்ணீர். கரை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்! படகைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போனபோது பக்கத்தில் வத்தை என்கிற சிறு படகிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "தம்பி, காலைத் தூக்கி வைக்காதீங்க! தரையோட தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க, திருக்கை கிடக்கும்!"

திருக்கை சேற்றுக்குள் தட்டையாகப் படுத்திருக்கும். மிதித்தால் வால் முள்ளால் குத்திவிடும், தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். அப்படியே நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன், கால் விரலுக்கு முன்னால் சேறு புகைந்தது, தட்டு அகலத்துக்கு ஒன்று வழுக்கிக்கொண்டு போனது.

பெரியவர் கயிறு போட்டு இழுத்துப் போய் அவர் இறங்குதுறையிலேயே எங்களையும் இறக்கினார். சுடுசோறும் நண்டுக் குழம்பும் அவர் வீட்டில்தான். துறைக்குப் பின்னால் இருந்த தென்னைகள் எல்லாம் 2018 கஜா புயலுக்குப் பிறகு வைத்தவையாம், இன்னும் இளசு. காசு கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார். "நீங்க காத்தைப் பார்க்காம மேப்பைப் பார்த்துப் போறீங்க தம்பி. வெளுக்கும்போது இறங்குங்க, பத்துக்குள்ள கரை ஏறிடுங்க" என்றார். ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்று போட்டிருந்த திட்டத்தை அன்று இரவே கைவிட்டோம்.

மூன்றாம் நாள் அவர் சொன்னபடி இறங்கினோம். காற்றே இல்லை. வெயில் வந்ததும் அடித்தரை வரை தெரிந்தது. பச்சைப் புல்வெளி, அதற்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு யாரோ மழித்த மாதிரி வெறும் மண் கோடு, வளைந்து வளைந்து. மச்சான்தான் முதலில் துடுப்பை நிறுத்தினான். ஆவுளியா, அதாவது கடற்பசு மேய்ந்த தடம். 2022 செப்டம்பரில் இந்தத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல். வலையில் மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிற மீனவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கிட்டே போகவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் 'புஸ்' என்று ஒரு மூச்சு. இரண்டு மூக்குத் துளைகள் மட்டும் மேலே வந்து திறந்தன, மூடி போட்ட மாதிரி மூடிக்கொண்டன. பின்னாலேயே பழுப்பு நிற முதுகு ஒன்று உருண்டு இறங்கியது. நாலைந்து நிமிடம் கழித்து இன்னொரு மூச்சு, இன்னும் தூரத்தில். அப்புறம் கேட்கவில்லை.

வேரோடு பிடுங்கிய புல் துணுக்குகள் மட்டும் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன. மச்சான் கைநீட்டி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டான்.