மிளகாய் நாற்று சாய்கிறது: உப்புத் தண்ணீரா, அதிகத் தண்ணீரா?

ஒற்றியூர் மாடி:
திருவொற்றியூரில் மூன்றாவது மாடி. 98 குழி டிரே இரண்டில் சம்பா மிளகாய் போட்டேன். எட்டாம் நாள் முளைத்து நன்றாகத்தான் வந்தது. பதினைந்தாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு ஓரத்தில் இருபது நாற்று படுத்துக் கிடக்கிறது. மறுநாள் பக்கத்துக் குழிகளும் காலி. கலவை வெறும் தென்னை நார்க்கழிவு, தண்ணீர் போர் தண்ணீர். என்ன கோளாறு?

மீஞ்சூர்க்காரன்:
போர் தண்ணீர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே! எங்கள் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை ஊரறிந்தது. மிளகாய் உப்பை அவ்வளவாகத் தாங்காது. நார்க்கழிவுக் கட்டியிலேயே உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தடவை ஊறவைத்துப் பிழிய வேண்டும். நீங்கள் உப்புக்கு மேல் உப்பு ஊற்றியிருக்கிறீர்கள். டிரேயைத் தூக்கிப் போட்டுவிட்டு மண்ணுக்கு வாருங்கள்.

மாதவரம் நாற்றங்கால்:
அண்ணே, அவசரப்படாதீர்கள். உப்பு என்றால் இலை ஓரம் கருகும், நாற்று குன்றி நிற்கும், டிரே முழுக்க அப்படியே தெரியும். ஓரத்தில் தொடங்கிப் பக்கத்துக்குப் பரவினால் அது நாற்றழுகல். சாய்ந்த ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். கலவையை ஒட்டிய இடத்தில் தண்டு நனைந்த நூல் மாதிரி சுருங்கிப் பழுப்பாகியிருக்கும், மேலே வித்திலை இரண்டும் பச்சையாகவே இருக்கும். பெரும்பாலும் பித்தியம் என்கிற கிருமியின் வேலை. ஈரம் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். தண்ணீர் எப்போது ஊற்றுகிறீர்கள்?

ஒற்றியூர் மாடி:
பிடுங்கிப் பார்த்தேன், அதே நூல்தான். காலையில் ஒரு தடவை, ஆபீஸ் விட்டு வந்து இரவு எட்டு மணிக்கு மக்கில் ஒரு தடவை.

மாதவரம் நாற்றங்கால்:
இரவில் ஊற்றினால் விடிய விடிய ஈரம். இனி காலையில் மட்டும், பூவாளியில். சாய்ந்ததைக் கலவையோடு எடுத்து வீசுங்கள். மிச்சத்துக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்கிற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர் நனைய ஊற்றுங்கள். அடுத்த முறை விதைக்கும் முன்பே, நோய்க் கிருமியை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி பொடியை விதையில் கலந்துவிடுங்கள், கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. உங்கள் விதைப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், தாமிரம் அதையும் விடாது.

மீஞ்சூர்க்காரன்:
சரி, நூல் இருந்தால் அழுகல்தான், ஒப்புக்கொள்கிறேன். உப்பில் திணறும் வேர் நோய்க்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா அரையடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, விதைத்து, வைக்கோல் மூடி வளர்த்தார். எந்த டிரே இருந்தது?

மாதவரம் நாற்றங்கால்:
அம்மாவுக்குப் பாத்தியை இடம் மாற்றிப் போட நிலம் இருந்தது. மாடியில் அதே தொட்டி மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று திருப்பித் திருப்பிப் போட்டால் கிருமி குடித்தனமே நடத்தும். டிரே நாற்று 35, 40 நாளில் வேர் அறாமல் கட்டியோடு கையில் வரும். அந்தச் சுகம் பாத்தியில் வராது. உப்பு விஷயம் சரிதான், மறுக்கவில்லை.

ஒற்றியூர் மாடி:
ஐந்து நாளாகக் காலைத் தண்ணீர் மட்டும். முதல் இரண்டு நாள் நாலைந்து சாய்ந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் கேட்டால் வீட்டில் முறைக்கிறார்கள்.

மீஞ்சூர்க்காரன்:
ஏ.சி. இருக்கிறதா? அதில் சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது. பக்கெட்டை வையுங்கள்.