4:3 கேம்கார்டருக்கு அனாமார்ஃபிக் அடாப்டர் தேவையா, கிராப் போதாதா?

செவ்வகன்:
"வைட்ஸ்கிரீன் வேண்டுமென்றால் மெனுவில் 16:9 போடு, வேலை முடிந்தது" என்று பழைய மினிடிவி (MiniDV) டேப் கேம்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஆலோசனை சொல்கிறார்கள். முடியவில்லை என்பதுதான் என் கட்சி. படம் பிடிக்கும் சிப்பின் அகல உயர விகிதம் 4:3. படம் 720க்கு 576. அந்த மோடைப் போட்டதும் பெரும்பாலான கேமராக்கள் மேலே 72 வரி, கீழே 72 வரி வெட்டிப் போட்டுவிட்டு, நடுவில் மிஞ்சும் 432 வரியை இழுத்து 576 ஆக்குகின்றன. கால்வாசிப் படம் போச்சு. 1.33 மடங்கு அனாமார்ஃபிக் அடாப்டரை முன்னால் மாட்டினால், அகலமான காட்சியைக் கண்ணாடியே பக்கவாட்டில் நெருக்கி 4:3 சிப்புக்குள் முழுதாக உட்கார வைக்கிறது. 576 வரியும் நிஜ வரி. எடிட்டிங்கில் கிளிப்பை 16:9 என்று குறித்தால் முகமெல்லாம் சரியான அகலத்துக்கு வந்துவிடும். நான்கு வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன்.

முக்காலி:
கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 576 வரிக்கும் காட்சிக்கும் நடுவில் ஒரு கண்ணாடியைக் கூடுதலாக வைக்கிறீர்கள், அதை விட்டுவிட்டீர்கள். வைட் முனையில், அதாவது ஜூமே போடாதபோது, மூலைகள் கறுக்கும். டெலி முனையில், அதாவது ஜூமை முழுக்கப் போட்டால், ஃபோகஸ் நிற்காது. உருப்படியாக வேலை செய்வது நடுவில் கொஞ்சம் ஜூம்தான்.

நானும் ஒரு அடாப்டர் வாங்கி மூன்று மாதம் போராடியவன். ஒரு முதியவரின் நேர்காணல். முகத்தை நெருக்கமாக வைக்க ஜூமை நன்றாக உள்ளே தள்ளினேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், இமையின் ஓரக் கோடு கத்தி மாதிரி கூர்மை. இமை முடிகள் மட்டும் பக்கவாட்டில் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதாவது மேல் கீழாக ஃபோகஸ் இருக்கிறது, இட வலமாக இல்லை. வெறும் கேமராவில் ஃபோகஸ் தவறினால் எல்லாம் ஒரே மாதிரி மங்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும். இது அப்படி இல்லை, சின்னத் திரையில் கண்ணை ஏமாற்றிவிடும். அந்த நேர்காணலை மறுபடி எடுக்க வாய்க்கவில்லை. 432 வரியில் கூர்மையாக எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

புதுவரவு:
அண்ணா, ஒரு சந்தேகம். என் கேமராவின் 16:9 நிஜமா, வெறும் வெட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செவ்வகன்:
டிரைபாடில் வைத்து, ஜூமைத் தொடாமல் 4:3க்கும் 16:9க்கும் மாற்றி மாற்றிப் பாருங்கள் தம்பி. 16:9 போட்டதும் இடமும் வலமும் புதிதாக ஏதாவது உள்ளே வந்தால், சிப்பில் உபரி பிக்சல் இருக்கிறது. அந்தக் கேமராவுக்கு அடாப்டர் தேவையே இல்லை. பக்கவாட்டில் எதுவும் கூடாமல் மேலும் கீழும் மட்டும் காணாமல் போனால், அது வெட்டுதான்.

முக்காலி, அந்த நேர்காணல் போனது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது டெலி முனையில் போனது. நெருக்கம் வேண்டுமென்றால் ஜூம் போடக்கூடாது, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆள் பக்கத்தில் போக வேண்டும். இன்னும் கிட்டே ஃபோகஸ் வேண்டுமா, அடாப்டருக்கும் முன்னால் ஒரு டயாப்டர், அதாவது கிட்டே ஃபோகஸ் செய்ய உதவும் குவி கண்ணாடி. +0.5 போட்டு லென்ஸைத் தொலைவுக்கே வைத்தால் 2 மீட்டரில் ஃபோகஸ், +1 போட்டால் 1 மீட்டரில். ஆட்டோ ஃபோகஸை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும், அது தேடிக்கொண்டே இருக்கும்.

நிழலாடி:
டயாப்டர் பற்றிச் சொன்னது ரொம்ப சரி. சினிமாக்காரர்களே பட்ட அவஸ்தை இது. பிரெஞ்சு வானியலாளர் ஆன்ரி கிரெத்தியேன் 1920களில் செய்த லென்ஸ்தான் 1953இல் சினிமாஸ்கோப் ஆனது. அந்தக் காலத்து லென்ஸ்களில் கிட்டே போகப் போக நெருக்கும் அளவு குறைந்துவிடும். திரையில் விரிக்கும்போது மட்டும் அதே 2 மடங்கு. அதனால் குளோசப்பில் நடிகர்களின் கன்னம் உப்பித் தெரியும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே பொன்னுக்கு வீங்கிதான்.

நான் பழைய புரொஜெக்டர் லென்ஸ், 2 மடங்கு, கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கிறேன். கேமராவில் ஒரு ஃபோகஸ், அனாமார்ஃபிக்கில் ஒரு ஃபோகஸ், இரண்டையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். நடந்து வருகிற ஆளைப் பின்தொடர முடியாது. ஐஸ்கோராமா மாதிரி முன்வளையத்தை மட்டும் திருப்பினால் போதும் என்கிற லென்ஸ் கிடைத்தவர் பாக்கியசாலி.

இன்னொன்று, யாரும் இன்னும் சொல்லவில்லை: கோணம். கிளாம்ப் ஒரு டிகிரி நழுவினாலும் படம் சரிந்துவிடும். எனக்கு ஒருமுறை தரை நேராக இருக்க, கதவு நிலை மட்டும் சாய்ந்து நின்றது. இருட்டறையில் தூரத்தில் ஒரு சின்ன டார்ச்சை வையுங்கள். இந்த லென்ஸில் அதிலிருந்து இட வலமாக நீளும் ஒளிக்கோடு ஃப்ரேமின் அடிவிளிம்புக்கு இணையாகப் போக வேண்டும். போனால் கோணம் சரி. அப்புறம், அடாப்டரின் எடையைக் கேம்கார்டரின் பிளாஸ்டிக் மரையில் தொங்க விடாதீர்கள். கீழே ரெயில் வைத்துத் தாங்கிப் பிடியுங்கள்.

முக்காலி:
தம்பி புதுவரவு, இந்தப் பட்டியலைப் பாருங்கள்: ரெயில், கிளாம்ப், டயாப்டர், டார்ச். இத்தனையும் கால்வாசி வரிகளுக்காக. படம் எடுக்கப் போகிறோமா, லென்ஸுக்குக் காவல் இருக்கப் போகிறோமா?

எச்.டி. கேம்கார்டரில் இதே 1.33ஐ மாட்டுகிறவர்களுக்கு அந்தக் கால்வாசியும் கிடையாது. 16:9 சிப்பில் மாட்டினால் 2.37:1 வரும். 1920 அகலத்தில் கடைசிக் கோப்பை எடுக்கும்போது 1080 வரியை 810 ஆகச் சுருக்கித்தான் ஆக வேண்டும். அடாப்டர் இல்லாமல் எடுத்து மேலும் கீழும் வெட்டினாலும் அதே 1920க்கு 810. பிக்சல் கணக்கில் லாபம் பூஜ்யம்.

செவ்வகன்:
எச்.டி. விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 1920லேயே முடிப்பவருக்குக் கூர்மையில் லாபம் இல்லை. ஆனால் காட்சியின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறதே? சின்ன அறையில் சுவரோடு ஒட்டி நின்று எடுப்பவருக்கு அது பெரிய விஷயம். 4:3 சிப்பின் கதை வேறு. அங்கே கோப்பே 720க்கு 576தான், 16:9 என்பது ஒரு குறி மட்டும். சம்பாதித்த வரி ஒன்றுகூட வீணாகாமல் கடைசி வரை வருகிறது.

முக்காலி:
வைட் முனையில்தான் மூலை கறுக்கிறது என்றேனே. கறுப்பைத் தவிர்க்க உள்ளே ஜூம் போனால் கிடைத்த அகலத்தில் பாதி போய்விடும். அந்த ஒளிக்கோடுதான் ஆசை என்றால் லென்ஸின் குறுக்கே மெல்லிய தூண்டில் நரம்பைச் செங்குத்தாகக் கட்டினாலே வந்துவிடும்.

நிழலாடி:
கோடு வரும். ஆனால் பின்னணியில் மங்கிய விளக்குகள் முட்டை வடிவில் நிற்குமே, அது நரம்பில் வராது. அதைப் பார்த்த பிறகுதான் நான் இந்த வழிக்கே வந்தேன்.

செவ்வகன்:
பேசிக்கொண்டே இருப்பதைவிட எடுத்துப் பார்ப்போம் என்று நேற்று இரவு உட்கார்ந்தேன். சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒட்டி, டிரைபாடில் அதே 4:3 கேமரா, அதே விளக்கு. ஒருமுறை மெனு 16:9, ஒருமுறை அடாப்டர். இரண்டிலும் தாள் ஃப்ரேமில் ஒரே அளவு தெரியும்படி வைத்தேன். நடு ஜூமில், மெனு 16:9இல் துணைத் தலைப்புகள் வரைதான் படிக்க முடிந்தது. அடாப்டரில் அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தின் முதல் இரண்டு பத்தியும் படிக்க வந்தது. வைட் முனையில் இரண்டு மூலை கறுப்பு, நடுப்பகுதி நன்றாக இருந்தது. டெலி முனையில் அடாப்டர் தோற்றது, அதுவும் மோசமாக. முக்காலி சொன்னதேதான்: எழுத்தின் படுக்கைக் கோடு நிற்கிறது, செங்குத்துக் கோடு கரைந்துவிட்டது.

முக்காலி:
நேர்மையாகப் போட்டதற்கு நன்றி. 4:3 சிப், டிரைபாட், நடு ஜூம், கையால் ஃபோகஸ்: இந்த நான்கும் சேர்ந்தால் அடாப்டர் வெல்கிறது என்று ஏற்கிறேன். மறுபடி எடுக்க முடியாத ஒன்றுக்கு நான் இன்னமும் மாட்ட மாட்டேன்.

புதுவரவு:
என் கேமராவைச் சோதித்துவிட்டேன் அண்ணா. 16:9 போட்டதும் சுவர்க் கடிகாரம் இடது ஓரத்தில் புதிதாக உள்ளே வந்தது, மேலே கீழே எதுவும் வெட்டுப்படவில்லை. அப்படியென்றால் நான் அடாப்டர் தேட வேண்டாம்தானே?

செவ்வகன்:
வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தில் நல்ல மைக் வாங்குங்கள்.