200 கிலோ கல்லைக் கயிற்றால் இழுக்கும்போது கால்தான் சறுக்குகிறது, கல் நகரவில்லை. எங்கே தவறு?

கேள்வி

தோட்டத்தில் ஒரு தட்டையான கற்பலகை கிடக்கிறது. எடை ஏறக்குறைய 200 கிலோ, கனம் ஒரு சாண். அதை 15 மீட்டர் தள்ளி வேறு இடத்தில் போட வேண்டும். தரை சமமானது, காய்ந்த மண். நானும் தம்பியும் மட்டும்தான். என் எடை 62, அவன் எடை 58.

10 மீட்டர் நைலான் கயிறுகள் இரண்டை முன்விளிம்பில் கட்டி ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருக்க நன்றாக விலகி நின்றோம். இரண்டு கயிற்றுக்கும் நடுவே ஒரு செங்கோணம் இருக்கும். முழு பலத்தோடு இழுத்தால் எங்கள் கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னால் போகின்றன. கடப்பாரையால் நெம்பிவிட்டு இழுத்தபோது கல் ஒரு குதி குதித்து உடனே நின்றுவிட்டது. முன்விளிம்பு வேறு மண்ணில் புதைகிறது. பலம் போதவில்லையா, இழுக்கும் முறை தவறா?

பதில் 1

தரையில் படும் பரப்பைக் குறையுங்கள். பலகையைக் குறுகிய பக்கமாக நிமிர்த்தி வைத்து இழுத்தால் உராய்வு குறையும் என்று நினைக்கிறேன்.

பதில் 2

தயவுசெய்து நிமிர்த்தாதீர்கள். முதலில், அது சாய்ந்தால் காலே போய்விடும். அடுத்து, உராய்வு பரப்பைப் பொறுத்ததல்ல. பொருள் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த விகிதத்தில்தான் உராய்வு இருக்கும். 1699-லேயே பிரெஞ்சு அறிவியலாளர் அமோன்தோன் இதைச் சொல்லிவிட்டார். கெட்டியான தரையில் படுக்க வைத்தாலும் நிமிர்த்தினாலும் ஒன்றுதான். மண்ணில் நிமிர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். அதே எடை சின்னப் பரப்பில் இறங்குவதால் கல் புதையும், புதைந்தால் ஏர் மாதிரி மண்ணைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

எனக்கு ஓர் எண் வேண்டும். கையில் தொங்கவிடும் எடைக்கருவி இருந்தால், அதே வகைக் கல் ஒன்றை, 10 கிலோ அளவில், அதே மண்ணில் கிடையாக இழுத்துப் பாருங்கள். கிளம்பும்போது எவ்வளவு காட்டுகிறது, நகரும்போது எவ்வளவு என்று சொல்லுங்கள்.

கேட்டவர்

பார்த்தேன். 10 கிலோ கல் கிளம்ப 7 கிலோ, நகரும்போது 6 கிலோ. நாலைந்து முறை இழுத்தும் பெரிய மாற்றமில்லை.

பதில் 2

அருமை. அப்படியானால் உராய்வுக் குணகம், அதாவது எடையில் எத்தனை பங்கு விசை வேண்டும் என்பது, கிளம்பும்போது 0.7, நகரும்போது 0.6. உங்கள் கல்லைக் கிடையாக இழுத்தால் கிளப்ப 140 கிலோ விசை வேண்டும், ஓட்டத்தில் வைக்க 120.

இனி உங்கள் கால்களுக்கு வருவோம். நீங்கள் நிற்பதும் அதே மண்தான். செருப்புக்கும் மண்ணுக்கும் குணகம் 0.6 என்று வைத்துக்கொண்டால், இருவரும் சேர்ந்து 120 கிலோ எடைக்குத் தரை தரும் பிடி 72 கிலோ. அதற்கு மேல் இழுத்தால் கால் சறுக்கும். உங்கள் கையில் யானைப் பலம் இருந்தாலும் இதுதான் கதி. பலக்குறைவு என்று வருந்த வேண்டாம்.

கோளாறு கயிற்றின் நீளத்தில் இருக்கிறது. கட்டிய இடத்துக்கும் உங்கள் தோளுக்கும் உயர வித்தியாசம் 1.3 மீட்டர் இருக்குமா? 10 மீட்டர் கயிற்றில் அது வெறும் 7 பாகைச் சாய்வு. கிட்டத்தட்ட கிடைதான். கயிற்றை 2.5 மீட்டராகக் குறைத்துத் தோளில் போட்டு இழுங்கள். சாய்வு 31 பாகை ஆகும்.

இதில் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. கயிறு கல்லை முன்னால் இழுப்பதோடு கொஞ்சம் மேலேயும் தூக்குகிறது. கல் தரையை அழுத்துவது குறைகிறது, உராய்வும் குறைகிறது. கயிற்றின் மறுமுனை அதே அளவு உங்களைக் கீழே அழுத்துகிறது. அதனால் உங்கள் கால்பிடி கூடுகிறது. கல் இலேசாகிறது, நீங்கள் கனமாகிறீர்கள். கணக்குப் போட்டால், இந்தச் சாய்வில் இருவரும் சேர்ந்து சுமார் 131 கிலோ விசை வரை சறுக்காமல் இழுக்கலாம். கல்லைக் கிளப்ப 115 போதும், நகர்த்த 103. மயிரிழையில்தான், ஆனால் முடியும்.

பதில் 3

மேலே தூக்குவது நல்லதென்றால் 45 பாகை இன்னும் நல்லதாயிற்றே?

பதில் 2

நல்ல கேள்வி. சாய்வு கூடக்கூடத் தூக்குவது கூடும், ஆனால் முன்னால் இழுக்கும் பங்கு குறையும். தேவையான விசை = குணகம் × எடை ÷ (கோணத்தின் கோசைன் + குணகம் × சைன்). இந்தக் கல்லுக்கு, நகரும் நிலையில், 10 பாகையில் 110 கிலோ, 20-ல் 105, 31-ல் 103, 45-ல் 106, 60-ல் 118. கோணத்தின் டேன்ஜென்ட் குணகத்துக்குச் சமமாகும் இடத்தில்தான் விசை மிகக் குறைவு. வழுவழுப்பான தளத்தில் குணகம் 0.2 என்றால் 11 பாகையே போதும். 45 என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடை இல்லை.

இந்த மண்ணில் 20-க்கும் 45-க்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் கவனியுங்கள். பாகைமானி வைத்து அளக்கத் தேவையில்லை. ஆனால் 45-க்குப் போனால் கல் உங்கள் குதிகாலுக்கு 1.3 மீட்டர் பின்னாலேயே வரும். எனக்கு அது பயமாக இருக்கிறது.

பதில் 4

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

நீங்கள் விலகி நின்றதும் நஷ்டம்தான். கயிறுகளுக்கிடையே செங்கோணம் என்றால் ஒவ்வொருவர் இழுப்பிலும் 71 சதவீதம்தான் முன்னால் போகிறது. மீதி ஒருவரை ஒருவர் பக்கவாட்டில் இழுப்பதில் கழிகிறது. இடைக்கோணத்தை 40 பாகைக்குள் வைத்தால் இழப்பு 6 சதவீதம்தான்.

அப்புறம் அந்தக் குதி. நைலான் நன்றாக நீளும் கயிறு. கல் கிளம்பும்வரை ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போகும். கிளம்பியதும் உராய்வு குறையும், கயிறு சுருங்கும், கல் துள்ளும், கயிறு தொய்யும், கல் நின்றுவிடும். கயிறு கால்வாசி நீளமானால் அதே விசையில் நீட்சியும் கால்வாசி, துள்ளலும் அப்படியே. ஆக, கயிற்றைக் குறைப்பது இதற்கும் மருந்து. நீட்சி குறைந்த பாலியெஸ்டர் கயிறு கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தக் கயிறானாலும் முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் கணிசமாகக் குறையும். அறுந்தால் அங்கேதான் பெரும்பாலும் அறும். நீண்ட கயிறு அறுந்தால் சவுக்கு மாதிரி திரும்பி வரும், அந்த நேர்க்கோட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

முன்விளிம்பு புதைவதற்கு, கடப்பாரையால் நெம்பி ஒரு சறுக்குப் பலகையை அடியில் கொடுங்கள், முன்நுனி மேல்நோக்கி வளைந்ததாக. எகிப்தில் ஜெஹூதிஹோதெப் கல்லறை ஓவியத்தில் 172 பேர் ஒரு பெரிய சிலையைச் சறுக்குவண்டியில் இழுப்பார்கள். வண்டியின் முன்னால் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுவார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் இதைச் சோதித்தார்கள். ஈரம் சரியான அளவில் இருந்தால் மணல் இறுகி, வண்டியின் முன் குவியாது, இழுக்கும் விசை பாதியாகக் குறையும். உங்கள் மண் மணலாக இருந்தால் லேசாகத் தெளித்துப் பாருங்கள். களிமண்ணில் வேண்டாம், உங்கள் கால்தான் வழுக்கும்.

கேட்டவர்

நகர்ந்துவிட்டது! கயிறுகளை 2.5 மீட்டராகக் கட்டி, மடித்த சாக்கைத் தோளில் வைத்து, அதன் மேல் கயிற்றைப் போட்டு, இருவரும் நெருங்கி நின்று இழுத்தோம். பலகை வைக்கும் முன்பே ஒரு முழம் வந்தது. கால் சறுக்கவே இல்லை, மண்ணில் அழுந்திப் பதிந்தது. நீங்கள் சொன்ன எடை கூடுவதை முழங்காலில் உணர முடிந்தது. பலகை கொடுத்தபின் 12 மீட்டர் வந்துவிட்டோம்.

இப்போது ஒரு வேர் தடுக்கிறது. ஒரு கை அளவு நகர்ந்தால் தாண்டிவிடும், ஆனால் அசையவில்லை. நேர் எதிரே 10 மீட்டரில் ஒரு பெரிய மரம் நிற்கிறது.

பதில் 2

அந்த மரம் போதும். கல்லுக்கும் மரத்துக்கும் கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். இதற்குப் பாலியெஸ்டர் கட்டாயம், நைலான் நீண்டே ஏமாற்றிவிடும். நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். கயிறு 5 பாகை வளைந்த நிலையில் 25 கிலோ விசை கொடுத்தால், கயிற்றில் சுமார் 143 கிலோ இழுவிசை உண்டாகும். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளினால் கல் 4 சென்டிமீட்டர் வரும், கயிற்றின் நீட்சி போக அதிலும் குறையும். மறுபடி விறைப்பாகக் கட்டி மறுபடி தள்ளுங்கள். ஒருவர் தள்ளட்டும், மற்றவர் பக்கத்திலிருந்து கடப்பாரையால் பலகையின் முன்நுனியை வேருக்கு மேல் தூக்கிக் கொடுக்கட்டும்.

கேட்டவர்

ஐந்தாவது கட்டுக்கு வேரைத் தாண்டிவிட்டது. மிச்சம் 3 மீட்டர், நாளைக் காலையில்.