புதுப்பிப்பு: நிறம் போன பிறகும் சிஓடி இறங்காததன் காரணம்

மதுரையில் நாங்கள் நடத்தும் சுங்குடிச் சாயப்பட்டறையின் கழிவுநீர், அன்னபேதி என்ற இரும்பு சல்பேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கும் ஃபென்டன் முறையில் தெளிந்துவிட்டாலும், சிஓடி (நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) மட்டும் லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற வரம்புக்குக் கீழே இறங்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. வினைபுரியாமல் எஞ்சும் பெராக்சைடு, ஆய்வகச் சோதனையில் சிஓடியை அளக்கச் சேர்க்கும் டைகுரோமேட்டைச் செலவழித்து, ஒரு மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 0.47 மில்லிகிராம் சிஓடியாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆகவே, பிஎச் 3 என்ற அமில நிலையில் வினை முடிந்ததும் சுண்ணாம்புப் பால் ஊற்றிக் காரமாக்கி, காற்றூட்டி, செம்பழுப்பான இரும்புக் கசடு அடியில் படிந்தபின், பெராக்சைடு எஞ்சியிருந்தால் நீலமாகும் சோதனைத் தாளில் நீலம் தோன்றவில்லை என்று உறுதிசெய்த பிறகே மாதிரி எடுக்கிறோம்.

துணியின் கஞ்சியை நீக்கிய நீரையும் சாயநீரோடு கலக்காமல் தனித்தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். அதிலுள்ள மாவுச்சத்தை நுண்ணுயிர்களே எளிதில் சிதைத்துவிடும்போது, அதற்குப் பெராக்சைடைச் செலவிடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. இப்போது அளவு வரம்புக்குள் நிற்கிறது. வைகை வறண்டு கிடக்கும் மாதங்களில் எந்தக் கழிவையும் நீர்த்துப்போகச் செய்ய ஆற்றில் நீரே இருப்பதில்லை என்பதால், இந்த வரம்பை நாங்கள் குறைந்தபட்சக் கடமையாகவே கருதுகிறோம்.

மழைக்காலத்தில் கசடு உலர்வதுதான் இன்னும் சிக்கலாக இருக்கிறது. கசடை அழுத்தி நீரைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் பயன்படுத்துவோர், அதன் வடிதுணி எவ்வளவு காலம் உழைக்கிறது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.