வலது வட்டத்தில் மட்டும் எஞ்சின் நின்றுவிடுகிறது, ஜனவரிக்குள் சரியாக வேண்டும்

ஸ்ப்ராக்கெட்38:
வணக்கம். கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர்கள் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டியிருக்கிறோம், ஜனவரியில் கரி ஸ்பீட்வேயில் ஓட்ட வேண்டும். எஞ்சின் பழைய டியூக் 390-இல் இருந்து எடுத்தது. இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங் எல்லாம் அந்த பைக்கோடு வந்ததுதான். இன்டேக்கில் விதிப்படி 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் (உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் குறுகிய துளை).

கல்லூரி பஸ் நிற்கும் இடத்தில் கோன் வைத்து டெஸ்டிங் செய்கிறோம். நேராக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலமும் சரி. ஸ்கிட்பேடில், அதாவது வட்டமடிக்கும் சோதனையில், வலது வட்டம் போனால் மட்டும், முதல் சுற்று முடிவதற்குள் எஞ்சின் நின்றுவிடுகிறது. திணறல், இருமல் எதுவும் கிடையாது, சுவிட்சை அணைத்த மாதிரி பொசுக்கென்று நிற்கிறது. இடது வட்டத்தில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகிறது. பிளக், த்ராட்டில் சென்சார், கிராங்க் சென்சார் மூன்றையும் மாற்றிவிட்டோம். கைக்காசு கரைந்ததுதான் மிச்சம்.

கார்பரேட்டர் காலத்து ஆள்:
டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது தம்பி? வலது பக்கம் திரும்பினால் பெட்ரோல் இடது சுவரில் ஏறிக்கொள்ளும். பம்ப் வலது ஓரத்தில் இருந்தால் காற்றைத்தான் உறிஞ்சும். உள்ளே தடுப்புத் தகடு வைத்தீர்களா? முதலில் டேங்கை நிரப்பி ஓட்டிப் பாருங்கள்.

ஸ்ப்ராக்கெட்38:
பம்ப் வலது பக்கம்தான் அண்ணா, தகடும் இல்லை. அதனால் இதுதான் என்று நம்பி, கழுத்துவரை நிரப்பி ஓட்டினோம். அப்போதும் நின்றது. பெட்ரோல் பிரஷர் கேஜை ரோல் ஹூப்பில் (டிரைவரைக் காக்கும் வளைந்த குழாய்) டேப் போட்டு ஒட்டி, எதிரே போனை வைத்து வீடியோ எடுத்தோம். எஞ்சின் நிற்கும் வரை ஊசி அசையவே இல்லை, நின்ற பிறகுதான் இறங்குகிறது.

பிட்லேன் பார்வையாளர்:
எனக்கு வயரிங் தெரியாது, ஆறுதல் மட்டும் சொல்கிறேன். 2014 ஃபார்முலா 1 சீசனுக்கு முன்பு ஸ்பெயினின் ஹெரேஸில் நடந்த டெஸ்டிங்கில் ரெட்புல் அணி நான்கு நாளில் ஓட்டியது மொத்தம் 21 சுற்று. முந்தைய நான்கு ஆண்டும் சாம்பியன் ஆன அணி! அதே காரில் அவர்கள் டிரைவர் ரிக்கியார்டோ அந்த ஆண்டு 3 பந்தயம் ஜெயித்தார்.

ரிலேபெட்டி:
நானும் மாணவர் அணியில் எலக்ட்ரிகல் பார்த்தவள்தான். ஒரே கேள்வி. நின்ற பிறகு ஸ்டார்ட்டரை அழுத்தினால் உடனே பிடிக்கிறதா, அல்லது சாவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கிறதா? அப்புறம், இடது வட்டத்தில் ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி?

ஸ்ப்ராக்கெட்38:
சாவியை அணைத்துப் போட்டால்தான் பிடிக்கிறது அக்கா. இது எப்படித் தெரியும்?! சுற்றுக்கு ஏறக்குறைய 5.3 விநாடி.

ரிலேபெட்டி:
அப்படியானால் காரணம் பெட்ரோல் இல்லை, இசியுவே அணைக்கிறது. பைக் கீழே விழுந்தால் எஞ்சினை அணைக்கும் சாய்வு சென்சார் உங்கள் வயரிங்கில் இன்னும் இருக்கிறது. பைக் வளைவில் சாயும்போது விசையும் அதன் உடம்போடு சேர்ந்தே இறங்குவதால், சென்சாருக்குச் சாய்வு தெரியாது. கார் சாயாது. பக்கவாட்டு விசை முழுவதையும் அது சாய்வு என்றே எடுத்துக்கொள்ளும். ஸ்கிட்பேட் ஆரம் சுமார் 9.1 மீட்டர், 5.3 விநாடி என்றால் பக்கவாட்டு விசை 1.3 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 1.3 மடங்கு. சென்சார் கணக்கில் அது 52 டிகிரி. இந்த வகை சென்சார்கள் பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டி எஞ்சினை வெட்டும், அதுவும் சற்று நேரம் அப்படியே இருந்தால்தான். ஸ்லாலமில் விசை பக்கம் மாறிக்கொண்டே இருப்பதால் தப்பிக்கிறீர்கள்.

இடது பக்கம் ஏன் நிற்கவில்லை? சென்சார் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். அதைக் கழற்றி, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கையில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள்.

ஸ்ப்ராக்கெட்38:
சீட்டைக் கழற்றினோம். சட்டக் குழாயில் இரண்டு ஜிப் டை போட்டுக் கட்டியிருக்கிறது, போன் ஆப்பில் அளந்தால் 11 டிகிரி கோணல். வலது வட்டத்தில் 52-ஓடு அது சேர்ந்து 63, இடதில் கழிந்து 41. கட்டியவன் நான்தான். கையில் எடுத்துச் சாய்த்தேன். ஒரு விநாடி போல ஒன்றும் ஆகவில்லை, பிறகு அதே பொசுக். பெட்ரோல் டேங்கையே மாற்றக் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தோம் அக்கா!

கார்பரேட்டர் காலத்து ஆள்:
சரி, நான் தோற்றேன். ஆனாலும் தடுப்புத் தகட்டை வைத்துவிடுங்கள். டேங்க் பாதியானதும் நான் சொன்னதும் வரும்.

ரிலேபெட்டி:
நேராகக் கட்டினாலும் 52 டிகிரி 60-க்கு ஆபத்தான நெருக்கம்தான், நல்ல டயர் போட்டால் தாண்டிவிடும். சென்சார் நிமிர்ந்திருக்கும்போது சிக்னல் வயரில் வரும் வோல்டேஜை மல்டிமீட்டரில் அளந்து, அதே வோல்டேஜ் வரும்படி இரண்டு ரெசிஸ்டர் வைத்துவிடுங்கள். இனர்ஷியா சுவிட்ச் (மோதலின் அதிர்ச்சியில் மின்சாரத்தை வெட்டுவது) ஷட்டவுன் சர்க்யூட்டில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். மோதினால் பம்ப்பை நிறுத்த இனி அதுதான் இருக்கிறது.

ஸ்ப்ராக்கெட்38:
சுவிட்சைத் தட்டிச் சோதித்துவிட்டு ரெசிஸ்டர் வைத்தோம். வலது வட்டம் 14 சுற்று, ஒருமுறைகூட நிற்கவில்லை. தலைசுற்றுகிறது என்று டிரைவர்தான் நிறுத்தினான்.

செயின்லூப்:
எங்கள் காரிலும் இதே கதை. ரெசிஸ்டர் மதிப்பு என்ன போட்டீர்கள்?

ஸ்ப்ராக்கெட்38:
எங்கள் மதிப்பை அப்படியே போடாதீர்கள். உங்கள் சென்சாரை நிமிர்த்தி வைத்து அளந்து பாருங்கள், அதைப் பொறுத்துத்தான் மதிப்பு.