பிள்ளைகள் கொடுத்த கடனும் அந்த நூறு ரூபாயும்

கொக்கிரகுளம் கணக்கன்:
பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். அங்கே வேலை பார்க்கும் டீச்சர் நேற்று இந்தக் குழுவில் ஒரு பதிவு போட்டிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு விழாவில் சுண்டலும் முறுக்கும் விற்று 5,000 ரூபாய் சேர்த்தார்களாம். அதைப் பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு அம்மாவுக்குக் கடனாகக் கொடுத்தார்களாம். வாரம் 510 வீதம் பத்து வாரத்தில் திரும்பி வந்துவிட்டதாம். கடைசியில் ஒரு வரி: ‘வட்டியில்லா நுண்கடனால் ஒரு குடும்பத்தை எங்கள் மாணவர்கள் தலைநிமிர வைத்தார்கள்.’ பத்து 510 எவ்வளவு டீச்சர்? 5,100. அந்த நூறு ரூபாய் எதற்கு? வங்கியில் முடி நரைத்தவன் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:
அண்ணாச்சி, அது வட்டி இல்லை. ரசீதுப் புத்தகம், கணக்கு நோட்டு, சனிக்கிழமை பத்தமடைக்குப் போய்வர பஸ் செலவு. பிள்ளைகளே உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினது. அந்த அக்காவும் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். வரவு செலவு எழுதவும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

கொக்கிரகுளம் கணக்கன்:
பட்டது. கணக்கும் பட்டது. 5,000 முழுசாக முதல் வாரம் மட்டும்தான் அந்த அம்மா கையில் இருந்தது. அடுத்த வாரம் 4,500, அதற்கடுத்து 4,000, கடைசி வாரம் 500. வாரா வாரம் கையில் இருந்ததைக் கூட்டினால் 27,500, அதாவது 27,500 ரூபாயை ஒரு வாரம் வைத்திருந்த மாதிரி. அதற்கு நூறு ரூபாய் என்றால், 52 வாரத்துக்குப் பெருக்கினால் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 19 சதவீதம். பஸ் செலவு என்று சொன்னாலும் 19, பாயசச் செலவு என்று சொன்னாலும் 19. கடன் வாங்கினவள் மடியிலிருந்து போனது நூறு ரூபாய்.

டவுன் தேரடி:
வந்துட்டார்யா ரிசர்வ் வங்கி கவர்னர். அண்ணாச்சி, நீங்கள் சர்வீஸில் இருந்தபோது நகைக்கடனுக்கு மதிப்பீட்டுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று பிடித்தீர்களே, அதையெல்லாம் வட்டியில் சேர்த்துச் சொன்னீர்களா? போன மாதம் இந்தக் குழுவில் ஈரடுக்கு மேம்பாலம் பற்றி ஓடிய திரியில் மூக்குடைபட்டதற்கு இங்கே வந்து ஒரு டீச்சரிடம் வீரம் காட்டுகிறீர்கள்.

கொக்கிரகுளம் கணக்கன்:
மேம்பாலத் திரியில் யார் மூக்கு உடைந்தது என்று ஊருக்கே தெரியும். பேச்சை மாற்ற வேண்டாம். நான் பிடித்தேன், பிடித்ததை எழுதிக் கொடுத்தேன். ‘வட்டியில்லாக் கடன்’ என்று போர்டு மாட்டவில்லை. அந்த நூறு ரூபாய்க்கு மட்டும் பதில் வரட்டும்.

அமெரிக்கா அம்பை:
இங்கே என் மகள் பள்ளியில் இதை வருஷா வருஷம் செய்கிறார்கள். கிவா என்று ஒரு இணையதளம், 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்தது. 25 டாலர் இருந்தால் போதும், ஏதோ ஒரு நாட்டில் ஆடு வாங்கவோ தையல் மெஷின் வாங்கவோ ஒருவருக்குக் கடன் கொடுக்கலாம். வகுப்பில் கேக் விற்றுப் பணம் சேர்ப்பார்கள், யாருக்குக் கொடுப்பது என்று ஓட்டுப் போடுவார்கள். பணம் திரும்பி வந்ததும் அதே 25 டாலர் அடுத்தவருக்கு. ஒரு சென்ட் வட்டி கிடையாது. நம் ஊரில் ஒரு டீச்சர் முயற்சி செய்தால் மட்டும் நொட்டை சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறீர்கள்.

கொக்கிரகுளம் கணக்கன்:
தம்பி, வட்டி கிடையாது என்பது உன் மகளுக்கு. கடன் வாங்குகிறவருக்கு இல்லை. கிவா நேரே கொண்டுபோய்க் கொடுப்பது கொஞ்சம்தான். பெரும்பாலும் அந்தந்த நாட்டில் இருக்கிற கடன் நிறுவனம் கொடுக்கிறது, அது தன் செலவுக்கு வட்டி வாங்குகிறது. கிவாவே அதை மறைப்பதில்லை. இதைத்தான் டீச்சரிடமும் சொல்கிறேன். கொடுத்தவனுக்கு வட்டி வரவில்லை என்பதற்காக, வாங்கினவன் கட்டவில்லை என்று ஆகிவிடாது. நூறு ரூபாய், நூறு ரூபாய்தான்.

அமெரிக்கா அம்பை:
வங்கதேசத்துப் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் மட்டும் என்ன செய்தார்? 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னுகிறவர்கள் உட்பட 42 பேருக்கு 27 டாலர். தன் மாணவி ஒருத்தியை வைத்துத்தான் யார் யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று பட்டியல் எடுத்தார். மாணவர்கள் இறங்கினதால்தான் அந்த வேலையே தொடங்கியது. 2006-ல் நோபல் கொடுத்தார்கள். அவரிடமும் போய் ரசீது கேளுங்கள்.

கொக்கிரகுளம் கணக்கன்:
கேட்க வேண்டியதே இல்லை. அந்த 27 டாலர் அவர் சொந்தப் பணம், வட்டி வாங்கவில்லை. பிறகு 1983-ல் அது முறையாக கிராமீன் வங்கி ஆனது, பின்னாளில் தொழில் கடனுக்கு 20 சதவீதம் வட்டி என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நம் ஒன்பதாம் வகுப்பு 19-ல் நிற்கிறது. ஒரு சதவீதம்தான் குறைச்சல், அதற்கு ஒரு நோபல் வாங்கிக் கொடுங்கள்.

பத்தமடைக்காரி:
எல்லோரும் நூறு ரூபாயையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எங்கள் அம்மா பாய் நெய்தவர், அதனால் சொல்கிறேன். கோரை வாங்கி, கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, பாவு நூல் கட்டித் தறியில் உட்காரவே நாள் ஆகும். மழை வந்தால் கோரை காயாது. மாப்பிள்ளை பெண் பேர் போட்டு நெய்கிற கல்யாணப் பாய் என்றால் இன்னும் இழுக்கும். பாய் விற்றுக் காசு வருவதற்குள் மூன்று நாலு தவணை வந்து நின்றுவிடும். முதல் சனிக்கிழமையே 510 கட்டச் சொன்னால் அந்த அக்கா எங்கே போவார்? அந்த 5,000-லிருந்தே எடுத்துக் கட்டியிருப்பார், இல்லையென்றால் மகளிர் குழுவில் வாங்கிக் கட்டியிருப்பார். பாய் விற்ற பிறகு மொத்தமாக வாங்கியிருந்தால் 5,200 கேட்டிருந்தாலும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். டீச்சர், முதல் நாலு வாரம் எங்கேயிருந்து கட்டினார் என்று பிள்ளைகள் கேட்டார்களா?

டவுன் தேரடி:
பாருங்கள், பத்தமடை அக்காவே 5,200 கொடுக்கலாம் என்கிறார். நூறுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

பத்தமடைக்காரி:
நான் சொன்னது அது இல்லை.

கொக்கிரகுளம் கணக்கன்:
5,200 என்றால் சதவீதம் இன்னும் ஏறும் அம்மா. தயவுசெய்து டீச்சருக்கு யோசனை சொல்லிக் கொடுக்காதீர்கள்.

பத்தமடைக்காரி:
அண்ணாச்சி, மொத்தமாகப் பத்தாவது வாரம் கட்டினால் 5,000-மும் பத்து வாரம் கையில் இருக்கும். உங்கள் கணக்குப்படியே 50,000-க்கு 200. அது 21 கிட்டத்தான் வரும். ரெண்டு சதவீதம் கூடப் போனாலும் அந்த அக்கா நிம்மதியாகத் தறியில் உட்கார்ந்திருப்பார். படிக்காமலே எழுதுகிறீர்கள்.

மேலப்பாளையம் வாசி:
நூறும் வேண்டாம், இருநூறும் வேண்டாம். பிள்ளைகளை எதற்குக் கடன் வசூலுக்கு அனுப்ப வேண்டும்? எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற வீடுகள் நிறைய. குழுக்கடன் வசூலுக்கு ஆள் வருகிற நாளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்த வாசலில் யூனிபார்ம் போட்ட ரெண்டு பிள்ளைகள் ரசீதுப் புத்தகத்தோடு போய் நின்றால் எப்படி இருக்கும்? 2017-ல் நம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீ வைத்துக்கொண்டதைப் பார்த்த ஊர் இது. தர்மம் என்றால் கொடு, திரும்பிப் பார்க்காதே.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:
கந்துவட்டியையும் எங்கள் பிள்ளைகளையும் ஒரே வரியில் எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்த அக்கா பிள்ளைகளுக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்து, தறியில் உட்கார வைத்து, கோரையைக் கோர்த்து விடக் கற்றுக்கொடுத்தார்கள். சும்மா கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று சொன்னதே அவர்கள்தான்.

கொக்கிரகுளம் கணக்கன்:
சும்மா வாங்கமாட்டேன் என்றால் 5,000 திருப்பி வாங்கியிருக்கலாமே, 5,100 எதற்கு? இன்னொன்றும் கேட்கிறேன். 1872 ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டது யார்? வட்டிக்கு விடுவதைத் தொழிலாகச் செய்தால் 1957 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே தடுக்கிறது. ஹெட்மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியுமா?

டவுன் தேரடி:
ஒன்பதாம் வகுப்பு ‘இ’ பிரிவு மேல் மீட்டர் வட்டி கேஸ். எந்த ஸ்டேஷன் அண்ணாச்சி, நீங்களே போய் எழுதிக் கொடுக்கிறீர்களா?

மேலப்பாளையம் வாசி:
சிரிக்காதே வே. நாங்கள் படிக்கும்போது டிசம்பர் 7 கொடிநாளுக்கு ஸ்டிக்கர் கொடுத்து உண்டியல் குலுக்கச் சொல்வார்கள். போட்டதோடு முடிந்தது. யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

டவுன் தேரடி:
போட்டதோடு முடிந்ததா? ஸ்டிக்கர் விற்காத பையனை வகுப்பில் எழுப்பி நிறுத்துவார்கள். வீட்டில் காசில்லாத பையன் நின்றுகொண்டே இருப்பான். அதுதான் உங்கள் தர்மமா? 2023 வெள்ளத்தின்போது ஏரலுக்கு அரிசி மூட்டை அனுப்பினோம். பள்ளிப் பிள்ளைகள்தான் வீடு வீடாகச் சேர்த்தார்கள். அப்போது மேலப்பாளையம் எங்கே இருந்தது?

மேலப்பாளையம் வாசி:
ஏரலில் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் சோறு கொண்டுபோனோம். நீ அரிசி மூட்டையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய், இந்தக் குழுவிலேயே கிடக்கிறது, எடுத்துப் போடவா?

டவுன் தேரடி:
போடு வே, போடு. உன் சோற்றுப் பொட்டலத்துக்கு யார் காசு கொடுத்தது என்பதையும் சேர்த்துப் போடு.

அமெரிக்கா அம்பை:
ரெண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். டீச்சர், அடுத்த வருஷத்துக்கு நான் 100 டாலர் தருகிறேன்.

கொக்கிரகுளம் கணக்கன்:
வெளிநாட்டுக் காசா? அந்தப் பள்ளிக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி இருக்கிறதா?

அமெரிக்கா அம்பை:
நான் இந்தியப் பாஸ்போர்ட்காரன். என் சம்பளத்திலிருந்து தருகிற பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. முப்பது வருஷம் வங்கியில் என்னதான் பார்த்தீர்கள்?

கொக்கிரகுளம் கணக்கன்:
முப்பத்துநாலு. பாஸ்போர்ட்டை இங்கே யாரும் பார்க்கவில்லை. நீ எத்தனை டாலர் வேண்டுமானாலும் கொடு, நான் கேட்டது நூறு ரூபாய்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:
அந்த நூறு ரூபாய் அங்கேயே ரசீதில் இருக்கிறது. திங்கட்கிழமை வந்து பாருங்கள். அடுத்த வருஷம் முக்கூடலில் ஒரு அக்காவுக்கு இட்லிக் கடை வைக்கப் பத்தாயிரம் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் பேசியிருக்கிறார்கள். நாங்கள் செய்யத்தான் போகிறோம்.

பத்தமடைக்காரி:
முக்கூடலிலும் வாரத் தவணைதானா?

கொக்கிரகுளம் கணக்கன்:
திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். பஸ் டிக்கெட்டையும் எடுத்து வையுங்கள். டவுன் தேரடி, நீயும் வா, மேம்பாலக் கதையையும் அங்கேயே பேசித் தீர்த்துவிடலாம்.

டவுன் தேரடி:
வருகிறேன். ஆனால் உங்கள் பஸ் செலவை யார் கணக்கில் எழுதுவது?